சொட்டும் சமையலறைக் குழாயை இறுக்காதீர்கள்

சென்னையின் தென்புறப் புறநகர்களில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குழாய்ப் பணி செய்துவருகிறேன். ஒரு வீட்டின் சமையலறைக்குள் நுழைந்ததும், சிங்க் குழாயின் வாயில் துணிப்பட்டை கட்டியிருப்பதைப் பார்த்தால், அந்தக் குழாய் எவ்வளவு காலமாகச் சொட்டுகிறது என்பதை ஏறக்குறையச் சொல்லிவிடுவேன். துணி வெளுப்பாக இருந்தால் சில வாரங்கள். பழுப்பேறி விறைத்து, நுனியில் உப்புக் கட்டி தொங்கினால் ஓராண்டுக்கும் மேல். பாத்திரத்தில் சொட்டுச் சொட்டாக விழும் சத்தம் இரவில் தூக்கத்தைக் கெடுக்காதபடி, தண்ணீரை ஓசையின்றி வழியவிடுவதற்காகக் கட்டிய துணி அது. சத்தம் நின்றுவிடுவதால், பழுது இருப்பதையே வீட்டார் மறந்துபோகிறார்கள்.

இப்படிச் சொட்டும் குழாய்களில் பெரும்பாலானவற்றை வீட்டில் இருப்பவர்களே அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். ஆளை அழைத்தால் கூலிதான் பொருளின் விலையைவிடப் பல மடங்கு ஆகும். சின்ன வேலை என்பதால் உடனே வருவதற்கும் பலர் தயங்குவார்கள், நானும் தயங்கியிருக்கிறேன். ஆனால் கருவிகளைக் கையில் எடுப்பதற்கு முன், சொட்டும் குழாயை மேலும் மேலும் இறுக்கி மூடும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். கைப்பிடியோடு சுழன்று தண்ணீரை மூடித் திறக்கும் உள்பாகத்தை ஸ்பிண்டில் என்போம். நான் கழற்றி எடுக்கும் ஸ்பிண்டில்களில் இயல்பாகத் தேய்ந்தவற்றைவிடக் கைவலுவால் கெட்டவையே அதிகம் என்பது என் அனுபவம்.

கைப்பிடியைப் பல சுற்றுத் திருகி மூடும் பழைய பித்தளைக் குழாயில், ஸ்பிண்டில் கீழே இறங்கித் தன் நுனியில் உள்ள ரப்பர் வாஷரை, தண்ணீர் மேலேறி வரும் துளையின் வட்ட விளிம்பின்மேல் அழுத்துகிறது. அந்த விளிம்பை நாங்கள் சீட் என்போம். புது வாஷருக்கு இரண்டு விரலின் வலு போதும். அது சற்றே தேய்ந்து ஒரு துளி கசியத் தொடங்கியதும், அதை அடக்க இன்னும் கொஞ்சம் இறுக்குகிறோம். இறுக்க இறுக்க விளிம்பு ரப்பருக்குள் புதைந்து மோதிர வடிவில் ஒரு பள்ளத்தை வெட்டுகிறது. கடைசியில் ரப்பர் கிழிந்து, பித்தளையும் பித்தளையும் நேரடியாக உரசுகின்றன. அந்த நிலையிலும் மாதக்கணக்கில் சொட்டவிட்டால், ஒரே இடுக்கு வழியாகப் பீறிடும் தண்ணீர் சீட்டின் விளிம்பையே மயிரிழை அளவுக்கு அறுத்துவிடும். அதன் பிறகு எத்தனை புது வாஷர் போட்டாலும் நிற்காது. ஒரு டீ விலைகூட இல்லாத வாஷரோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, முழுக் குழாயையும் மாற்றுவதில் போய் நிற்கும்.

கால் சுற்றில் திறந்து மூடும் இன்றைய குழாய்களில் அந்த வாஷர் கிடையாது. ஸ்பிண்டிலுக்குள் மழமழவென்று மெருகேற்றிய இரண்டு பீங்கான் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி இருக்கும். கீழ்த்தகடு அசையாது, மேல்தகடு கைப்பிடியோடு சுழலும், இரண்டின் துளைகளும் நேருக்கு நேர் வரும்போது தண்ணீர் பாயும். இந்தக் குழாயில் இறுக்குவது என்பதற்கே பொருளில்லை. கைப்பிடி தன் எல்லையில் நின்றுவிட்டால் மூடியாயிற்று. அதற்கு மேல் கொடுக்கும் வலு உள்ளே இருக்கும் தடுப்பு முனையை உடைக்கத்தான் உதவும். இந்தத் தகடுகளுக்கு உண்மையான எதிரி மணல். மேல்நிலைத் தொட்டியைக் கழுவிய மறுநாள், நேற்றுவரை நன்றாக இருந்த குழாய் இன்று சொட்டுகிறது என்று எனக்கு அழைப்பு வருவது வழக்கம். அடியில் கலங்கிய வண்டல் குழாய் வழியே இறங்கி, தகடுகளுக்கு நடுவில் கீறல் போட்டிருக்கும். தொட்டி கழுவிய அன்று, துணி துவைக்கும் இடத்தில் உள்ள சாதாரணக் குழாயை முதலில் நெடுநேரம் திறந்துவிடுங்கள். சமையலறைக் குழாயைத் திறப்பதற்கு முன் அதன் வாயில் உள்ள சல்லடையையும் கழற்றிவிடுங்கள்.

உங்கள் குழாய் உண்மையிலேயே சொட்டுகிறதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். அன்னப்பறவையின் கழுத்தைப் போல வளைந்த நீண்ட மூக்குள்ள சிங்க் குழாய்களில், மூடிய பிறகும் அந்த வளைவில் தங்கிய தண்ணீர் சிறிது நேரம் சொட்டும், அது பழுதன்று. மூடி ஐந்து நிமிடம் கழித்தும் சொட்டினால் மட்டுமே ஒரு டம்ளரை அடியில் வையுங்கள். 200 மில்லி டம்ளர் அரை மணி நேரத்தில் நிரம்பினால் ஒரு நாளைக்கு 9.6 லிட்டர், 30 நாளைக்கு 288 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் ஏறக்குறைய 19 குடம். கோடையில் லாரித் தண்ணீருக்குப் பணம் கட்டும் தெருக்களில் இந்தக் கணக்கை நான் விளக்க வேண்டிய தேவையே இருப்பதில்லை.

அடுத்து, தண்ணீர் எங்கிருந்து கசிகிறது என்று பார்க்க வேண்டும். குழாயைத் துணியால் நன்றாகத் துடைத்து உலர்த்திவிட்டு, ஒரு காகிதத் துண்டை ஒவ்வோர் இணைப்பிலும் ஒற்றிப் பாருங்கள். மூக்கின் நுனியில் சொட்டினால் வாஷரோ ஸ்பிண்டிலோதான் காரணம். குழாய் திறந்திருக்கும்போது மட்டும் கைப்பிடியின் அடியில் கசிந்தால், ஸ்பிண்டிலின் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமான ஓ-ரிங் அல்லது பழைய குழாய்களில் அடைத்திருக்கும் திரி போய்விட்டது என்று பொருள். இடம் வலமாகத் திரும்பும் மூக்கின் அடியில் கசிவதும் ஓ-ரிங்கால்தான். சுவரும் குழாயும் சேரும் இடத்தில் ஈரம் இருந்தால் அது வேறு வகை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வேலையில் பாதி, தண்ணீரை நிறுத்துவதுதான். பெரும்பாலான தனி வீடுகளில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு கேட் வால்வு இருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குளியலறைக்கு மேலேயோ பால்கனியிலோ அந்த வீட்டுக்கென்று தனியாக வைத்திருப்பார்கள். பல ஆண்டுகளாகத் தொடாத கேட் வால்வு உப்பேறி இறுகிக் கிடக்கும். அதைக் குறடு போட்டு முறுக்கினால் தண்டு உடைந்து, பாதி மூடிய நிலையிலோ முழுவதும் திறந்த நிலையிலோ நின்றுவிடக்கூடும். சிறிது சிறிதாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அப்படியும் மசியவில்லையென்றால், தொட்டியில் தண்ணீர் காலியாகும் நேரம்வரை காத்திருந்து, மோட்டார் போடுவதற்கு முன் வேலையை முடித்துக்கொள்வது நல்லது. எந்த வழியில் நிறுத்தினாலும், சமையலறைக் குழாயைத் திறந்து, கடைசிச் சொட்டும் நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும். மோட்டார் சுவிட்சின் மேல் ஒரு தாளை ஒட்டிவைக்கவும் மறக்க வேண்டாம். நான் மூக்கைக் கழற்றிக் கையில் வைத்திருந்த நேரத்தில், விவரம் தெரியாத வீட்டுப் பெரியவர் மோட்டாரைப் போட்டு, சமையலறை முழுவதும் தண்ணீர் அடித்த கதை என்னிடம் ஒன்றுக்கு மேல் உண்டு.

சிங்க்கின் வடிகால் துளையை ஒரு துணியால் அடைத்துவிட்டுத் தொடங்குங்கள், ஏனென்றால் கைப்பிடியின் சிறு திருகு விழுவதென்றால் நேரே அந்தத் துளைக்குள்தான் விழும். கைப்பிடியின் தலையில் இருக்கும் வண்ணப் பொட்டை மெல்லிய திருப்புளியால் நெம்பி எடுத்தால் அடியில் ஒரு திருகு தெரியும். சில வகைகளில் திருகு பக்கவாட்டில் இருக்கும். அதைக் கழற்றியதும் கைப்பிடி மேலே வந்துவிடும். வராமல் ஒட்டிக்கொண்டால் சுத்தியலால் தட்டாமல், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றிக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, ஆட்டி ஆட்டி இழுக்க வேண்டும். அதன்கீழ் ஸ்பிண்டிலின் அறுகோண முகம் இருக்கும். குரோம் பூச்சு கெடாதபடி துணியைச் சுற்றி, சரியான அளவு ஸ்பேனரை மாட்டி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்புங்கள். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால், திரும்பப் பூட்டும்போது எது எதன்மேல் என்ற குழப்பம் வராது.

ஸ்பேனர் பிடித்த கை திருப்பும்போது, மற்றொரு கை குழாயின் உடலைக் கெட்டியாகப் பிடித்து, அந்த வலு சுவருக்குள் போகாமல் தடுக்க வேண்டும். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு பழைய வீட்டில் இதைச் செய்யாமல் விட்டேன். ஸ்பிண்டில் அசையவில்லை, முழுக் குழாயும் திரும்பியது, சுவருக்குள் துருப்பிடித்திருந்த ஜி.ஐ. குழாயின், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயின், மரை முறிந்தது. ஒரு வாஷர் மாற்றப் போனவன், நான்கு டைல்ஸை உடைத்துச் சுவரைக் கொத்தி, மூன்றாம் நாள் பூசி முடித்தேன், கூலி வாங்கவில்லை. இன்றைய சி.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் குழாய்களுக்குத் துரு இல்லை என்றாலும், சுவருக்குள் பித்தளை மரையும் பிளாஸ்டிக்கும் சேரும் எல்போ என்ற வளைவு இணைப்பு முறுக்கைத் தாங்காமல் விரிசல் விடக்கூடும். ஆகவே இரண்டு கைகளாலும் பிடித்தும் ஸ்பிண்டில் மசியவில்லை என்றால், அதோடு நிறுத்திக்கொண்டு தெரிந்த ஆளை அழைத்துவிடுங்கள். சுவரும் குழாயும் சேரும் இடத்தில் கசிந்தாலும் அப்படியே. அங்கே கசிவை அடைக்க மரையில் டெஃப்லான் டேப் என்ற மெல்லிய வெள்ளை நாடாவைச் சுற்றுவது கடினமான வேலையன்று, ஆனால் அதற்காக முழுக் குழாயையும் சுவரிலிருந்து கழற்ற வேண்டும், உள்ளே மரை எந்த நிலையில் இருக்கிறது என்பது வெளியே தெரியாது.

கழற்றிய ஸ்பிண்டிலைக் கையோடு ஹார்டுவேர் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். அரை இஞ்சு, கடைப்பேச்சில் நான்கு நூல், என்று வாயால் சொல்லி வாங்கினால் பத்துக்கு ஐந்து முறை தவறாகத்தான் வரும். தண்டின் நீளமும், கைப்பிடி உட்காரும் தலையில் உள்ள பற்களின் எண்ணிக்கையும், திறக்கும் திசையும் ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாறும். பீங்கான் ஸ்பிண்டிலின் அடியில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். தகடுகளில் கீறல் இல்லாமல் அந்த வளையம் மட்டும் தட்டையாகியிருந்தால், கிடைக்கும் இடத்தில் வளையத்தை மட்டும் மாற்றலாம், கிடைக்காவிட்டால் முழு ஸ்பிண்டிலாக வாங்கிவிடலாம். பிளாஸ்டிக் குழாய்களுக்கு நான் ஸ்பிண்டில் மாற்றச் சொல்வதில்லை. மரை ஒருமுறை நெகிழ்ந்துவிட்டால் திரும்பப் பிடிப்பதில்லை.

புதியதைப் பூட்டும் முன், குழாயின் உள்வாயைப் பாருங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் வரும் வீடுகளில் அங்கே வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு, நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு போன்ற உப்புகளைக் குறிக்கும் மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடங்களில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. கரைந்திருக்கும் சுண்ணாம்பு மிகுந்த நீர், சொட்டு விழுந்து உலரும் இடத்திலெல்லாம் கல்லாகப் படியும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ தோய்த்த துணியை அரை மணி நேரம் போர்த்திவைத்தால் அது நுரைத்து இளகிவிடும். பித்தளைப் பாத்திரம் துலக்கும் புளியும் இதே வேலையைச் செய்யும். கழிப்பறை கழுவும் அமிலத்தை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், அது உப்போடு சேர்த்துக் குரோம் பூச்சையும் தின்றுவிடும். சீட்டை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் நல்லது, நகம் தட்டும் பள்ளம் இருந்தால் குழாயையே மாற்றுவதுதான் வழி. ஓ-ரிங்குக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. எண்ணெய் பட்டால் சிலவகை ரப்பர் ஊதிவிடும் என்பதால் சிலிகான் கிரீஸ் மட்டுமே தடவ வேண்டும், அது இல்லையென்றால் தண்ணீரில் நனைத்துப் பூட்டினாலே போதும்.

வாஷர் வகை என்றால், தண்டைத் திறந்த நிலையில் வைத்துப் பூட்ட வேண்டும். மூடிய நிலையில் பூட்டினால் ஸ்பேனரின் வலு முழுவதும் புது வாஷரின்மேல் இறங்கி, முதல் நாளே அதில் பள்ளம் விழுந்துவிடும். ஸ்பிண்டில் உட்காரும் மரையில் டெஃப்லான் டேப் சுற்றத் தேவையில்லை. அங்கே கசிவை அடைப்பது ரப்பர் வளையம்தான், டேப் சுற்றினால் அது சரியாக உட்காராமல் போகலாம். கையால் முடிந்தவரை திருகி, பிறகு ஸ்பேனரால் அழுத்தம் தெரியும்வரை ஒரு சிறு திருப்பு, அவ்வளவே. குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு கேட் வால்வை மெதுவாகத் திறங்கள். முதலில் காற்றும் கலங்கலும் வெளியேறும். தண்ணீர் தெளிந்த பிறகு ஒருமுறை மூடித் திறந்து, அதன்பின் சல்லடையை மாட்டுங்கள். தொட்டியின் நீர்மட்டம் குழாய்க்கு 10 மீட்டர் மேலே இருந்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் அதன்மேல் இருக்கும். அதனால் மாடியில் நின்ற கசிவு தரைத்தளத்தில் நிற்காமல் போகலாம். கீழ்வீட்டுக் குழாயைச் சோதிக்கும்போது தொட்டியை நிரப்பிவிட்டுப் பாருங்கள். அரை மணி கழித்துக் காகிதத் துண்டால் எல்லா இணைப்புகளையும் மறுபடி ஒற்றிப் பார்த்து, அது உலர்ந்தே இருந்தால் கருவிகளை எடுத்துவைக்கலாம்.

கழற்றிய பழைய ஸ்பிண்டிலைக் குப்பையில் போடாமல், எந்தக் குழாயுடையது என்று ஒரு தாளில் எழுதிச் சுற்றி, கேட் வால்வுக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் வைத்துவிடுங்கள். அடுத்த முறை குழாயைக் கழற்றுவதற்கு முன்பே கடைக்கு எடுத்துச்சென்று காட்டுவதற்கு அது வேண்டியிருக்கும்.