டவுன்டவுன்: சொல்லும் அதைச் சுற்றி வரும் சொற்களும்

'டவுன்டவுன் ரீவைட்டலைசேஷன் மாஸ்டர் பிளான் வித் பப்ளிக் இன்புட்' என்ற ஆங்கிலத் தொடரைத் தமிழில் எப்படி எழுதுவது? ஒவ்வொரு சொல்லாகப் பார்ப்போம். தமிழ் எழுத்தில் 'டவுன்டவுன்' என்று எழுதினால் ஒரே சொல் இரண்டு முறை வந்ததுபோல இருக்கிறது. சலசல, கலகல போல இரட்டைக்கிளவியோ என்றுகூடத் தோன்றும். ஆங்கிலத்தில் அவை இரண்டு வேறு சொற்கள். முதல் டவுனுக்குக் கீழே என்று பொருள். குன்றிலிருந்து இறங்கி வருவதைச் சொல்லும் பழைய ஆங்கிலத் தொடர் தேய்ந்து அப்படி ஆனது. இரண்டாவது டவுன் ஊரைக் குறிப்பது. அதன் பழைய பொருள் வேலி போட்டு அடைத்த இடம். அதற்கு உறவான ஜெர்மன் சொல்லுக்கு இன்றைக்கும் வேலி என்றுதான் பொருள்.

சரி, எதற்குக் கீழே உள்ள ஊர்? இதற்கான விடை நியூயார்க்கில் இருக்கிறது. மன்ஹாட்டன் தீவின் தென்முனையில் தொடங்கிய குடியேற்றம் வடக்கு நோக்கி வளர்ந்தது. 1830களிலேயே அங்குள்ளவர்கள் வரைபடத்தில் கீழே இருக்கும் தென்முனையின் பழைய ஊரை டவுன்டவுன் என்றார்கள், மேலே, வடக்கில் முளைத்த புதுப் பகுதிகளை அப்டவுன் என்றார்கள். வீடுகள் வடக்கே நகர்ந்தன. வங்கியும் வணிகமும் தெற்கிலேயே தங்கின. அதனால் திசையைச் சொன்ன சொல் மெல்ல தொழிலைச் சொல்லத் தொடங்கியது. மற்ற அமெரிக்க நகரங்களுக்குப் பரவியபோது திசைப் பொருள் பெரும்பாலும் உதிர்ந்து, கடைகளும் அலுவலகங்களும் நெருங்கி நிற்கும் பகுதி என்ற பொருள் நிலைத்தது. பிரிட்டனில் இதையே சிட்டி சென்டர் என்பார்கள். ஆஸ்திரேலியாவில் சி.பி.டி., அதாவது மைய வணிகப் பகுதி.

தமிழில் இதற்கு நகர்நடு, உள்நகர், நகர்மையம் என்று மூன்று வழிகள் இருக்கின்றன. நடு என்பது எனக்குப் பிடித்த சொல், ஆனால் அது அளந்து பார்த்த நடுவைக் குறித்துவிடும். சிகாகோவின் டவுன்டவுன் ஏரிக்கரையை ஒட்டியது, டெட்ராய்ட்டின் டவுன்டவுன் ஆற்றங்கரையில் இருக்கிறது, மன்ஹாட்டனிலோ அது தீவின் நுனி. எதுவும் நடுவில் இல்லை. உள்நகர் என்றால் மதிலுக்கு உள்ளே இருக்கும் பழைய ஊர் மனதில் வருகிறது. மையம் என்ற சொல்லைப் பயிற்சி மையம், ஆராய்ச்சி மையம் என்று செயல் குவியும் இடத்துக்கும் பயன்படுத்துகிறோம். டவுன்டவுனின் இன்றைய பொருளும் அதுதான். அதனால் நகர்மையம் என்றே எழுதலாம்.

இந்தச் சொல்லோடு எப்போதும் ஒட்டி வருவது 'ரீவைட்டலைசேஷன்'. தமிழில் இதைப் புதுப்பித்தல், சீரமைப்பு, மேம்பாடு என்று மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். புதுப்பித்தல் என்ற பொருள் தரும் 'அர்பன் ரினியூவல்' ஆங்கிலத்தில் தனிச்சொல், அதற்கென்று ஒரு கசப்பான வரலாறும் உண்டு. அமெரிக்காவில் 1949ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம், சீர்கெட்டவை என்று குறிக்கப்பட்ட பகுதிகளை இடித்து நிலத்தைக் கைமாற்ற அரசுப் பணம் தந்தது. பாஸ்டன் நகர்மையத்தை ஒட்டியிருந்த வெஸ்ட் எண்ட் பகுதியில் 1958இல் இடிப்பு தொடங்கியது. ஏறத்தாழ 2,700 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அவர்களுக்கு அங்கே தெருவும் கடையும் உறவும் இருந்தன. அதிகாரிகளின் வரைபடத்தில் அது பாழ்பட்ட பகுதி. கட்டடங்கள் புதிதாயின. வாழ்ந்தவர்கள்தான் இல்லை.

அதே காலத்தில் நகர்மையங்களுக்கு இன்னொரு பக்கமும் அடி விழுந்தது. 1956இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. அதே ஆண்டு மினசோட்டா மாநிலத்தில், முழுக்கக் கூரை போட்டுக் குளிரூட்டிய சவுத்டேல் வணிக வளாகம் திறந்தது. நெடுஞ்சாலை வழியே வீடு புறநகருக்குப் போனது, பின்னாலேயே கடையும் போனது. நகர்மையத்தில் மிஞ்சியவை வாகன நிறுத்தங்களும் பூட்டிய கடைமுகப்புகளும்.

'ரீவைட்டலைசேஷன்' என்ற சொல்லின் உள்ளே இருப்பது உயிர் என்று பொருள்படும் லத்தீன் வேர். இருப்பதை வைத்துக்கொண்டே மறுபடி ஆள்நடமாட்டத்தைக் கொண்டுவருவது, மேல்மாடிகளில் மக்களைக் குடியமர்த்துவது, பழைய கட்டடத்துக்குப் புது வேலை கொடுப்பது எல்லாம் இதில் அடங்கும். எனவே தமிழில் புத்துயிர்ப்பு என்பதே சரி. புதுப்பித்தல் என்று எழுதினால் இடிப்பதற்கும் உயிர்ப்பிப்பதற்கும் உள்ள வேறுபாடு அழிந்துவிடுகிறது. நாளை ஒரு திட்டத்தைப் படிக்கும் வாசகருக்கு அந்த வேறுபாடு தேவைப்படும்.

ஒரு பகுதி எப்படி வளர வேண்டும் என்று வகுக்கும் 'மாஸ்டர் பிளான்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாஸ்டர் என்பதன் லத்தீன் மூலம் பெரியது, மிகுந்தது என்ற பொருளுடையது. பெருந்திட்டம் என்பது அதற்கு அழகாகப் பொருந்துகிறது. அரசு ஆவணங்களில் முழுமைத் திட்டம் என்றும் வருகிறது, அதுவும் நன்று. இது பெரும்பாலும் இருபது ஆண்டுகள் போன்ற நீண்ட காலத்துக்கானது. ஓராண்டு வேலைப் பட்டியலைப் பெருந்திட்டம் என்று சொல்லக் கூடாது.

அடுத்தது 'பப்ளிக் இன்புட்', அதாவது திட்டத்தைப் பற்றி மக்கள் சொல்வது. இதை 'பொது உள்ளீடு' என்று பெயர்ப்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளீடு கணினிக்குக் கொடுப்பது; மனிதர்கள் சொல்வதை அப்படிச் சொன்னால் ஏற்கெனவே முடிவான ஓர் இயந்திரத்துக்குள் போடும் தரவுபோல ஆகிவிடும். நமக்குக் கருத்துக் கேட்பு, மக்கள் பங்கேற்பு என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. இரண்டும் ஒன்றல்ல.

ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர் 1969இல் எழுதிய கட்டுரையில் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாகக் காட்டினார். அடியில் இருக்கும் இரண்டு படிகளில் பங்கேற்பே இல்லை, மக்களை வசப்படுத்துவது மட்டும் நடக்கிறது. நடுவில் உள்ள மூன்றும் ஒப்புக்குச் செய்வன: தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, சமாதானப்படுத்துவது. மேலே உள்ள மூன்றில்தான் முடிவெடுக்கும் அதிகாரம் கைமாறுகிறது. கருத்துக் கேட்பு நிற்பது நான்காம் படியில். கேட்டதை ஏற்க வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை. வரைவு முடிந்தபின் ஒரே ஒரு கூட்டம் போட்டால் அதைக் கருத்துக் கேட்பு என்றே எழுதுங்கள். பங்கேற்பு என்ற சொல்லைத் தொடக்கத்திலிருந்தே மக்களோடு உட்கார்ந்து வரைந்த திட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

அப்படி வரைவதற்கும் ஒரு பெயர் இருக்கிறது: சார்ரெட். பிரெஞ்சு மொழியில் சிறு வண்டி என்று பொருள். 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸின் கட்டடக்கலைப் பள்ளியில் மாணவர்களின் வரைபடங்களைத் திரட்ட வண்டி வரும். அது வரும்வரை, சிலர் அது நகர ஆரம்பித்த பிறகும், வரைந்துகொண்டிருப்பார்களாம். இன்று அது குடியிருப்பவர்களும் கடைக்காரர்களும் திட்ட வல்லுநர்களும் சில நாள் சேர்ந்திருந்து வரையும் கூட்டத்தைக் குறிக்கிறது. கூட்டு வரைவுப் பட்டறை என்று நான் எழுதுவேன்.

அப்புறம், மக்கள் என்றால் யார் என்ற கேள்வி. குடியிருப்புத் தெருவில் இதற்கு விடை எளிது. நகர்மையத்தில் அப்படி இல்லை. அங்கே வேலை பார்ப்பவர், பேருந்து மாறுபவர், நடைபாதையில் விற்பவர், வாடகைக் கடைக்காரர் என எல்லோருக்கும் அது சொந்தம், ஆனால் பலருக்கு அங்கே வீடு கிடையாது. வீட்டு முகவரியை வைத்து மட்டும் அழைப்பு அனுப்பினால் பாதிப் பேர் விடுபட்டுப் போவார்கள்.

டென்னஸி மாநிலத்தின் சட்டனூகா நகரத்தை நல்ல உதாரணமாகச் சொல்லலாம். 1969இல் அமெரிக்காவிலேயே மிக அழுக்கான காற்று உள்ள நகரம் என்று பெயரெடுத்த ஊர் அது. 1984இல் 'விஷன் 2000' என்ற பெயரில் ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று மக்களையே கூட்டிக் கேட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பேசினார்கள், இலக்குகள் பட்டியலாயின. ஆற்றங்கரையில் 1992இல் மீன் காட்சியகம் திறந்தது. 1978இல் வண்டிகளுக்கு மூடப்பட்டு, இடிக்கப்பட இருந்த வால்நட் தெருப் பாலத்தை மக்கள் காப்பாற்றினார்கள். அது 1993இல் நடப்பவர்களுக்கான பாலமாகத் திறந்தது. அங்கே நடந்ததைப் பங்கேற்பு என்று தயங்காமல் எழுதலாம்.

முழுத் தொடரையும் எழுத வேண்டி வந்தால், 'மக்கள் பங்கேற்புடன் நகர்மையப் புத்துயிர்ப்புப் பெருந்திட்டம்'. செய்தித் தலைப்புக்கு இது நீளம்தான். அங்கே 'நகர்மையப் பெருந்திட்டம்' போதும். யார் வரைந்தார்கள், யாரைக் கேட்டார்கள் என்பதைச் செய்தியின் முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும்.