வாரண்டி முடியுமுன் டர்போ காரைக் குனிந்து ஒருமுறை பாருங்கள்

வாரண்டி முடிந்து பதினோரு நாள் ஆன கார் ஒன்று போன மாதம் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல் வண்டி. வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவிதான் டர்போ. வண்டிக்காரர் சாவியைக் கையில் கொடுக்கும்போதே, "சார், மேடு ஏறும்போது இழுக்க மாட்டேங்குது. விசில் மாதிரி ஒரு சத்தம் வேற" என்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். "நாலஞ்சு மாசமா இருக்கு. சர்வீஸ் விட்டப்பவே சொன்னேன். டர்போ வண்டின்னா அப்படித்தான் இருக்கும்னுட்டாங்க."

அவர் கொண்டுவந்த பழைய ஜாப் கார்டுகளைப் புரட்டினோம். ஆயில் மாற்றியது, ஃபில்டர் மாற்றியது, வீல் அலைன்மென்ட் பார்த்தது, வண்டியைக் கழுவியது எல்லாம் இருந்தது. விசில் எங்கேயும் இல்லை. வாயால் சொன்னது வாயோடு போய்விட்டது.

பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். டர்போவிலிருந்து, அழுத்தியதில் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு கீறல். சுற்றிலும் ஆயில் ஈரம், அதில் தூசி படிந்து கருப்புப் பசையாக இருந்தது. அந்தப் பசையின் கனத்தைப் பார்த்தாலே இது நேற்று வந்த கீறல் இல்லை என்று தெரியும். டர்போ அழுத்தி அனுப்பிய காற்று பாதி வழியில் வெளியேறிக்கொண்டிருந்தது, அதுதான் விசில். ஹோஸை மாற்றியதும் இழுவை திரும்பிவிட்டது. அவர் தப்பித்தார். ஆனால் பதினோரு நாளுக்கு முன்னால் வாரண்டியில் கேட்டிருக்கக்கூடிய வேலைக்குத் தன் கைக்காசைக் கொடுத்தார்.

"டர்போ வண்டியை வாரண்டி முடியறதுக்குள்ள தள்ளி விட்டுடணும்" என்று ஒரு பேச்சு இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கழற்றிப் பார்த்த வரைக்கும், தானாகத் தேய்ந்து செத்த டர்போ என் கையில் வந்தது குறைவு. பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்று கெட்டுப்போய் அது டர்போவைக் கொன்றிருக்கும். ஆயில் அடைப்பு, உடைந்த ஏர் ஃபில்டர் வழியாகப் போன தூசி, தளர்ந்த கிளாம்ப் இப்படி. எல்லாமே முன்கூட்டியே கண்ணில் படக்கூடியவை.

டர்போ புதிய சங்கதியும் இல்லை. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூகி இதற்குக் காப்புரிமை பெற்றது 1905-இல். சாதாரண மக்கள் வாங்கும் காரில் வந்தது 1962-இல். அப்படி வந்தவற்றில் ஒன்று ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர். எஞ்சின் நாக் ஆகாமலிருக்க, அதாவது உள்ளே எரிபொருள் தாறுமாறாக வெடித்துத் தட்டாமலிருக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றி வைக்க வேண்டும். வாங்கியவர்களில் பலர் அதை ஊற்ற மறந்தார்கள். கடைசியில் பல வண்டிகளில் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் மாட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அறுபது வருஷத்துக்குப் பிறகும் என் தொழிலில் பாதி வருமானம், ஊற்ற வேண்டியதை நேரத்துக்கு ஊற்றாதவர்களிடமிருந்துதான் வருகிறது. அன்றைக்கு அந்தத் திரவம், இன்றைக்கு ஆயில்.

ஆயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். எஞ்சின் ஆறாயிரம் சுற்று சுற்றினால் நமக்கு அலறலாகக் கேட்கிறது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுவரை போகக்கூடியது. பெரும்பாலான கார்களில் அந்தத் தண்டு பேரிங்கின் உலோகத்தைத் தொடுவதே இல்லை, நடுவில் இருக்கும் மெல்லிய ஆயில் படலத்தின்மேல் மிதக்கிறது. தண்டின் ஒரு முனையில் இருக்கும் சக்கரத்தைச் சுற்றுவது எக்ஸாஸ்ட் வாயு. பெட்ரோல் எஞ்சினில் அதன் சூடு 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மறுமுனையில் ஏர் ஃபில்டர் வழியாக வரும் வெளிக்காற்று. இடையில் இருக்கும் ஆயில் வழுக்கவும் வேண்டும், சூட்டை எடுத்துக்கொண்டு போகவும் வேண்டும். அந்த ஆயில் வரும் குழாயோ, உள்துளை சில மில்லிமீட்டர் மட்டுமே உள்ள சின்னக் குழாய்.

பழைய ஆயில் இந்தச் சூட்டில் கருகும். தோசைக்கல்லைத் துடைக்காமலே மறுபடி மறுபடி சுட்டால் ஓரத்தில் ஒரு கருப்புப் பொருக்கு கட்டுமே, அதேதான் இந்தக் குழாய்க்குள்ளும் கட்டுகிறது. துளை சிறுத்துக்கொண்டே வரும். டாஷ்போர்டில் ஆயில் விளக்கு எரியாது, ஏனென்றால் எஞ்சினுக்கு அழுத்தம் சரியாகத்தான் இருக்கிறது. டர்போ மட்டும் தாகத்தில் கிடக்கும்.

வாரண்டி முடிந்ததும் நம் ஆட்கள் செய்யும் முதல் சிக்கனம் இங்கேதான். "எல்லாம் 5டபிள்யூ-30 தானே, எது போட்டா என்ன" என்று கையில் கிடைத்த டப்பாவை ஊற்றுவார்கள். அந்த எண் ஆயிலின் கெட்டித்தன்மையை மட்டும்தான் சொல்கிறது. உங்கள் வண்டியின் கையேட்டில் அதற்குப் பக்கத்தில் இன்னொரு தரக்குறியீடும் இருக்கும். பார்க்க வேண்டியது அதையும்தான். சிறிய டர்போ பெட்ரோல் எஞ்சின்களில், குறைந்த வேகத்தில் அதிக பாரம் ஏறும்போது ஸ்பார்க் வருவதற்கு முன்பே எரிபொருள் வெடித்துவிடும் ஒரு கோளாறு உண்டு. பிஸ்டனையே உடைக்கும் அளவுக்குப் போகும். ஆயிலில் கலக்கும் வேதிப்பொருள்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. அதனால்தான் அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் (ஏபிஐ) 2020-இல் கொண்டுவந்த எஸ்பி என்ற ஆயில் தரத்தில் இதற்கென்றே சோதனை வைத்தார்கள். டீசல் வண்டியில் புகை வடிகட்டி இருந்தால், சாம்பல் குறைவாக விடும் ஆயில் வேண்டும். தப்பான ஆயில் அந்த வடிகட்டியை அடைத்துவிடும்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது? கையேட்டில் பெரிய எண் ஒன்று இருக்கும். அதே கையேட்டில், கடினமான ஓட்டத்துக்கு என்று இன்னொரு எண், பெரும்பாலும் அதைவிட நன்றாகவே குறைவாக, சின்ன எழுத்தில் இருக்கும். நெரிசலில் ஊர்ந்து போவது, தினமும் நாலு கிலோமீட்டர் போய் அணைப்பது, தூசியான சாலை எல்லாமே கடின ஓட்டம்தான். நம்மில் முக்கால்வாசிப் பேர் அந்தச் சின்ன எழுத்துக்குள் வருவோம். என் சொந்த வண்டிக்கு நான் பெரிய எண்ணைப் பார்ப்பதே கிடையாது.

இன்னொன்று, மாதம் இரண்டு முறை, ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். அளவு குறைந்தால் எல்லோரும் பதறுவார்கள். ஏறினால்? "பரவாயில்லை, குடிக்கலை" என்று சந்தோஷப்படுகிறார்கள். ஆயில் தானாக ஏறாது. முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை அடித்தால் எரியாத பெட்ரோல் ஆயிலில் இறங்கி அதை நீர்த்துக்கொண்டிருக்கிறது. டீசலிலும் புகை வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்து முடிப்பதற்குள் வண்டியை அணைத்துக்கொண்டே இருந்தால் இதே நிலைதான்.

சரி, வாரண்டி முடிய மூன்று மாதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைசி வாரம்வரை காத்திருக்காதீர்கள், உதிரி வரவில்லை என்று இழுத்தால் தேதி போய்விடும். வருஷமும் கிலோமீட்டரும் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு என்பதும் நினைவில் இருக்கட்டும். வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, அடியில் போட்டிருக்கும் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். ஆயில் கசிவை மாதக்கணக்கில் மறைத்து வைப்பது அந்தத் தட்டுதான். ஸ்கேனர் போட்டு, விளக்கு எரிய வைக்காமல் உள்ளே பதிவாகிக் கிடக்கும் கோளாறுக் குறியீடுகளையும் அச்செடுத்து வாங்குங்கள். பி0299 என்று இருந்தால், டர்போ கேட்ட அழுத்தத்தைக் கொடுக்கவில்லை என்று அர்த்தம். ஹோஸ் கிழிசலாக இருக்கலாம், அழுத்தம் மிஞ்சாமல் எக்ஸாஸ்ட் வாயுவை வேறு வழியில் விடும் வேஸ்ட்கேட் கதவு சரியாக மூடாமல் இருக்கலாம், டீசலில் புகைக்கரி படிந்து, டர்போவுக்குள் வாயுவைத் திருப்பிவிடும் இறக்கைகள் அசையாமல் நின்றிருக்கலாம்.

ஹோஸைக் கழற்றியதும் உள்ளே ஆயில் பூச்சு தெரிந்தால் பயப்படாதீர்கள். எஞ்சின் விடும் ஆவியோடு கொஞ்சம் வரத்தான் செய்யும். சாய்த்தால் குளமாக ஓடி வந்தால் கேளுங்கள். அதே நேரத்தில், காற்றை அழுத்தும் பக்கத்துக் கம்ப்ரஸர் சக்கரத்தின் நடுவிலிருக்கும் நட்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு. பக்கவாட்டில் மெல்ல அசையும், மிதக்கும் பேரிங்கில் அது இயல்பு. முன்னும் பின்னும் அசைவது கைக்குத் தெரிந்தாலோ, இறக்கை நுனி சுவரில் உரசிய தடம் இருந்தாலோ அது வாரண்டிக்குள் போக வேண்டிய டர்போ.

இவற்றைவிட முக்கியம், எதைச் சொன்னாலும் எழுத வைப்பது. "சத்தம் வருகிறது" என்று எழுதினால் "சோதித்தோம், சரியாக இருக்கிறது" என்று பதில் வரும். "இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் மூன்று விநாடி கடகட சத்தம், எக்ஸாஸ்ட் பக்கம்" என்று எழுதச் சொல்லுங்கள். முந்தின இரவே வண்டியை அங்கே விட்டுவிடுங்கள், காலையில் அவர்களோடு நின்று கேளுங்கள். நகலை வாங்காமல் வராதீர்கள். வாரண்டிக் காலத்திலேயே பதிவான புகார், தேதி தாண்டிப் பெரிதாக வெடித்தாலும் பேச ஒரு பிடி கொடுக்கும். முதலில் சொன்னேனே, விசில்காரர், அவரிடம் இல்லாதது இந்த ஒரு தாள்தான்.

நீட்டித்த வாரண்டி வாங்கலாமா என்று தினமும் யாராவது கேட்கிறார்கள். பட்டியலில் டர்போவும், உயர் அழுத்த எரிபொருள் பம்பும், இன்ஜெக்டர்களும் பெயர் சொல்லி இருந்தால் வாங்குங்கள் என்பேன். "எஞ்சின் பாகங்கள்" என்று பொதுவாக மட்டும் இருந்தால் எனக்கு நம்பிக்கை வராது. விலக்குகள் பகுதியில் "தேய்மானம்", "ஆயில் கசிவு", "கார்பன் படிவு" என்ற மூன்று சொல்லையும் தேடுங்கள். மூன்றும் இருந்தால் டர்போவில் வரக்கூடிய பாதிப் பிரச்சினை வெளியே போய்விட்டது. எஞ்சின் கம்ப்யூட்டரில் பவர் ஏற்றும் ஆசை இருந்தால் எந்த வாரண்டியையும் மறந்துவிடுங்கள். பழையபடி மாற்றி வைத்தாலும் பல கம்ப்யூட்டர்களில் எத்தனை முறை மென்பொருள் எழுதப்பட்டது என்ற கணக்கு நிற்கும்.

ஓட்டும் விதத்தில் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. ஸ்டார்ட் செய்ததும் உறுமாதீர்கள். மலை ஏறியோ வேகமாக வந்தோ உடனே நிறுத்தினால் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள், டர்போவின் சூடு இறங்கட்டும். ஊருக்குள் மெதுவாக வீட்டுக்கு வந்தால் அதுவும் தேவையில்லை. மைலேஜுக்காக ஐந்தாவது கியரில் வண்டியை உதறவிட்டபடி ஆக்ஸிலேட்டரை அழுத்துபவர்கள் மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள், முன்னே சொன்ன அகால வெடிப்புக்கு நல்ல வாய்ப்பு அதில்தான் இருக்கிறது. ஸ்பார்க் பிளக்கும் டர்போ வண்டியில் சீக்கிரம் தேயும். கையேட்டில் போட்ட கிலோமீட்டரைத் தாண்ட விடாதீர்கள்.

அப்படியும் டர்போ போய்விட்டால், எதனால் போனது என்று தெரியாமல் புதிதை மாட்ட விடாதீர்கள். வேறு இடத்தில் புது டர்போ மாட்டி, மூன்று வாரத்தில் அதுவும் ஊளையிட ஆரம்பித்து என்னிடம் வந்த டீசல் வண்டி ஒன்று உண்டு. ஆயில் குழாயைக் கழற்றி ஒரு முனையில் ஊதினேன். காற்று போகவில்லை. கம்பி விட்டுக் குத்தியபோது கருப்புப் பொருக்கு செதில் செதிலாக விழுந்தது. இரண்டு டர்போ போயும் அந்தக் குழாய் பழையதாகவே இருந்திருக்கிறது. இன்டர்கூலரைக் கவிழ்த்தால் அரை டம்ளர் ஆயில், கூடவே முதல் டர்போவிலிருந்து உடைந்த அலுமினியத் துணுக்குகள். டீசலில் இப்படித் தேங்கும் ஆயில் மொத்தமாக எஞ்சினுக்குள் போனால், சாவியை அணைத்தாலும் எஞ்சின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு தானாக ஓடும். மூன்றாவது டர்போவை மாட்டும்போது குழாய் புதிது, ஆயிலும் ஃபில்டரும் புதிது. இன்டர்கூலரை இரண்டு முறை கழுவினோம். ஸ்டார்ட் செய்யுமுன் ஆயில் துளையில் சிரிஞ்சால் கொஞ்சம் ஆயில் விட்டுத் தண்டைக் கையால் சுற்றிவிட்டேன்.

செத்துப்போன அந்த இரண்டாவது டர்போ இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. வாரண்டி முடியப் போகிறது, வண்டியை விற்றுவிடலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் அதைக் கையில் கொடுத்துச் சுற்றச் சொல்வேன். கரகரவென்று அரை சுற்று சுற்றி நிற்கும். பக்கத்திலேயே அந்தப் பழைய ஆயில் குழாயையும் வைத்திருக்கிறேன், வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொல்ல.