போர் நினைவுக் கல்லில் ஆசிட் ஊற்றாதீர்கள்

பழைய கட்டடங்களையும் கல்வெட்டுகளையும் பழுது பார்ப்பது என் தொழில். போன மாதம் ஆரணி ரோட்டுப் பக்கம் ஒரு ஊரில் பார்த்தது, இந்த வருடத்தில் மட்டும் மூன்றாவது. இனியும் பேசாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

அந்த ஊர்ச் சாவடிச் சுவரில் ஒரு மார்பிள் பலகை. முதல் உலகப் போருக்குப் போனவர்களுக்காகப் பதித்தது. திருவிழாவுக்கு ஊரைச் சுத்தம் செய்தவர்கள், கல் மஞ்சளாக இருக்கிறதே என்று பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை ஊற்றி, வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, கொஞ்சம் மிச்சமிருந்த எழுத்தின் மேல் கறுப்பு எனாமல் அடித்திருக்கிறார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆசையாகச் செய்ததுதான். அதனால்தான் கூடுதலாக வலிக்கிறது.

இந்த மாதிரிப் பலகைகள் எவ்வளவு பெரிய விஷயம் என்று நம் ஊரிலேயே பலருக்குத் தெரியாது. வேலூர் லாங் பஜாரில் சாமான் வாங்காத ஆள் உண்டா? அங்கே மணிக்கூண்டில் ஆங்கிலத்தில் ஒரு வாசகம் இருக்கிறது: இந்தக் கிராமத்திலிருந்து 277 பேர் 1914-18 மகா யுத்தத்துக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். வேலூரைக் ‘கிராமம்’ என்று சொல்வதைக் கவனியுங்கள். அன்றைக்கு ஊர் ஊராகப் பதித்த பலகைகளில் இதே வாசகம்தான், ஊர்ப் பெயரும் எண்ணும் மட்டும் மாறும். சிலை கிடையாது, அலங்காரம் கிடையாது, பெயர்கள்கூடக் கிடையாது. ஜனங்கள் நடமாடுகிற இடத்தில், நின்று படிக்கிற உயரத்தில் ஒரு கல். கட்டடக்கலை என்று பார்த்தால் அதன் பெருமையே அந்த எளிமைதான், அதனால் எழுத்து போனால் நினைவுச்சின்னமே போய்விட்டது என்று அர்த்தம்.

‘வெள்ளைக்காரன் வைத்த கல்தானே’ என்று சிலர் சொல்கிறார்கள். வைத்தது அவன், போனது நம் ஆட்கள். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டைக்குள் வெள்ளைக்காரனை எதிர்த்து எழுந்த சிப்பாய்களுக்கு மக்கான் சந்திப்பில் தூண் இருக்கிறது, வருடா வருடம் மாலை போடுகிறோம், நல்லது. அதே மண்ணிலிருந்து நூறு வருடம் கழித்துக் கப்பலேறியவர்களுக்கு இந்தப் பலகையைத் தவிர என்ன இருக்கிறது?

சரி, ஆசிட்டுக்கு வருகிறேன். என்னை அதிகம் எரிச்சல்படுத்துகிற பேச்சு இதுதான்: ‘ஊற்றினதும் நுரை பொங்கிச்சு சார், அவ்வளவு அழுக்கு!’ ஐயா, அது அழுக்கு இல்லை. மார்பிள் என்பது சுண்ணாம்பு வகைக் கல். ஆசிட் பட்டதும் பொங்குவது கல்லேதான், கரைந்து வாயுவாகவும் தண்ணீராகவும் ஓடுகிறது. அழுக்கே இல்லாத புது மார்பிள் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், அதுவும் அப்படித்தான் பொங்கும். கழுவியதும் வெள்ளையாகத் தெரிவது மேல்தோல் உரிந்த கல். அந்தச் சொரசொரப்பில் அடுத்த மழைக்கே பாசி பிடிக்கும், அப்புறம் மறுபடியும் ஆசிட். இரண்டு மூன்று தடவையில் வெட்டெழுத்தின் ஓரம் மழுங்கி, கையால் தடவினால்கூடத் தட்டுப்படாது. ‘எங்களது கருங்கல்தான், ஒன்றும் ஆகாது’ என்கிறவர்களுக்கு: அதில் உள்ள இரும்பு கரைந்து மஞ்சள் கறையாக வெளியே வரும், அதை எடுக்க நாங்கள் படுகிற பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

தண்ணீர், மெல்லிய நைலான் பிரஷ், பருத்தித் துணி, பொறுமை. இவை போதும். எழுத்துக்கு எனாமல் அடிக்காதீர்கள், பெயின்டர் கை போகிற போக்கில் 3 என்பது 8 ஆகிவிடும். கல்லைச் சுற்றிச் சுண்ணாம்புக் காரை உதிர்ந்திருந்தால் சுண்ணாம்பாலேயே பூசுங்கள். சிமென்ட் பூசினால் சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் கல் வழியாக வரும், உப்புப் பூத்துக் கல்லே செதில் செதிலாக உதிரும். டைல்ஸ் ஒட்டவே ஒட்டாதீர்கள். எதைத் தொடுவதற்கு முன்னாலும் போட்டோ எடுங்கள். படிக்க முடியாத எழுத்தா? இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள், நிழல் விழுந்து எழுத்து எழும்பும்.

அந்த ஊரிலும் இரவு வரை இருந்து அப்படித்தான் பார்த்தேன். முன்னாள் ராணுவத்தார் ஒருவர் டார்ச் பிடித்தார், நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல அவர் குறித்துக்கொண்டார். ஊர்ப் பெயர் கிடைத்தது. இறந்தவர் எண்ணிக்கை கிடைத்தது. போனவர் எண்ணிக்கையில் கடைசி இலக்கம் மட்டும் 3ஆ 8ஆ என்று தெரியவில்லை. இறந்தவர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடலாம், பலருக்குத் தகப்பன் பெயர், ஊர்ப் பெயரோடு வட ஆற்காடு என்றுகூடப் பதிவு இருக்கிறது. போய்த் திரும்பி வந்தவர்கள் அந்தப் பட்டியலில் வர மாட்டார்கள். ‘அஞ்சு பேர் இருந்தாங்களா இல்லையான்னு இனி யாரைக் கேக்கிறது?’ என்றார் அவர். நான் டார்ச்சை வாங்கி இன்னொரு பக்கத்திலிருந்து பிடித்துப் பார்த்தேன்.