எரிவது ஒன்று, தழும்பு வேறு

கல்லீரல் அழற்சி 6 மாதங்களைத் தாண்டினால் அது நாள்பட்டது. அதை எப்படி வகை பிரிப்பது என்பதில்தான் மருத்துவர்கள் வெகுகாலம் தடுமாறினார்கள்.

1968-இல் ஒரு நிபுணர் குழு திசுவை நுண்ணோக்கியில் பார்த்து இரண்டு பெயர்கள் வைத்தது. அழற்சி தன் எல்லைக்குள் அடங்கியிருந்தால் 'நிலைத்த' வகை. பக்கத்துச் செல்களையும் அரித்தால் 'தீவிர' வகை. முன்னது சாது, பின்னது பொல்லாதது என்று நம்பினார்கள். 1989-இல் ஹெபடைடிஸ் சி வைரஸ் அடையாளம் காணப்பட்ட பிறகு அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. சாதுவாகத் தெரிந்த அழற்சியும் பல ஆண்டுகளில் மெல்ல மெல்லச் சிரோசிஸில், அதாவது கல்லீரல் முழுக்கத் தழும்பேறிய நிலையில், கொண்டுபோய் விட்டது.

1990-களில் அந்தப் பெயர்களை ஓரங்கட்டிவிட்டு, மூன்று கேள்விகளைத் தனித்தனியே கேட்கத் தொடங்கினார்கள். காரணம் என்ன: வைரஸா, மதுவா, கொழுப்பா, உடலின் சொந்த எதிர்ப்பாற்றலா? அழற்சி இப்போது எவ்வளவு எரிகிறது? இதுவரை எவ்வளவு தழும்பு விழுந்திருக்கிறது? எரிவதன் அளவு கிரேடு, தழும்பின் அளவு ஸ்டேஜ். மெட்டாவிர் என்ற மதிப்பெண் முறையில் எரிவது ஏ0 முதல் ஏ3 வரை, தழும்பு எஃப்0 முதல் எஃப்4 வரை. எஃப்4 என்றால் சிரோசிஸ்.

ரத்தப் பரிசோதனையில் வரும் எஸ்ஜிபிடி, செல்கள் சேதமாகும்போது கசியும் நொதி. அது தழும்பைச் சொல்லாது. சிரோசிஸ் வந்தவருக்கும் அது இயல்பாக இருக்கலாம். 'நார்மல்' என்ற அந்த ஒரு வார்த்தையைப் பார்த்து நிம்மதியாகிவிடுவதுதான் ஆபத்து. அதனால் வயது, எஸ்ஜிஓடி என்ற இன்னொரு நொதி, எஸ்ஜிபிடி, ரத்தத் தட்டணு எண்ணிக்கை நான்கையும் சேர்த்து ஃபிப்-4 என்று ஒரு கணக்குப் போடுகிறார்கள். 1.3-க்குக் கீழே வந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. 35 வயதுக்குக் குறைந்தவர்களிடம் மட்டும் இந்தக் கணக்கு அவ்வளவு சரியாக வருவதில்லை.

ஊசியால் திசுத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி, கல்லீரலில் ஏறக்குறைய 50,000-இல் ஒரு பங்கைத்தான் காட்டும். எடுத்த இடத்தைப் பொறுத்து முடிவும் மாறலாம். ஃபைப்ரோஸ்கேன் அதைவிடப் பெரிய பகுதியை அளக்கிறது. தோலின் மேலிருந்து மெல்லிய அதிர்வை அனுப்பி, அது எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று பார்க்கிறது. கல்லீரல் எவ்வளவு விறைப்போ, அவ்வளவு வேகம். ஆனால் கடும் அழற்சியும் கல்லீரலை விறைக்க வைக்கும், வயிறு நிறையச் சாப்பிட்டாலும் அளவு ஏறும். அதனால்தான் வெறும் வயிற்றில் வரச் சொல்கிறார்கள்.

ஹெபடைடிஸ் சி மருந்தில் குணமானவர்களுக்குச் சில மாதங்களிலேயே இந்த விறைப்பு எண் சட்டென்று இறங்குவதுண்டு. பெரும்பாலும் அது நெருப்பு தணிந்ததன் அடையாளம். தழும்பு அவ்வளவு சீக்கிரம் கரையாது. சிரோசிஸ் வந்தவர்களை, வைரஸ் போன பிறகும், 6 மாதத்துக்கு ஒருமுறை புற்றுநோய்க்காக ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.