மந்தையோடு நடந்த நோயாளி

எலும்பு மருத்துவனாக நான் பார்க்கும் எக்ஸ்ரேக்களில் என்னை அதிகம் பதற வைப்பது ஆஸ்டியோசார்கோமா, எலும்பிலேயே பிறக்கும் புற்றுநோய். பதின்வயதுப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வரும், பெரும்பாலும் முழங்காலை ஒட்டி. இதே நோய் சுமார் 7.6 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கொம்பு டைனோசருக்கும் வந்திருக்கிறது.

சென்ட்ரோசாரஸ் என்று பெயர். மூக்கின் மேல் பெரிய கொம்பு, தலைக்குப் பின்னால் விசிறியாக விரிந்த எலும்புத் தட்டு, ஐந்தாறு மீட்டர் நீளம், செடிகொடி மேய்ந்த விலங்கு. கனடாவின் ஆல்பர்ட்டாவில் 1989இல் அதன் கால் எலும்பு ஒன்று கிடைத்தது. ஒரு முனை வீங்கி உருக்குலைந்திருந்தது. முறிந்து கூடிய எலும்பு என்று எடுத்து வைத்துவிட்டார்கள். பிறகு மருத்துவர்களும் புதைபடிவ ஆய்வாளர்களும் சேர்ந்து சி.டி. எடுத்து, மெல்லிய சீவல்களாக அறுத்து, இதே நோய் வந்த 19 வயது மனிதரின் எலும்போடு ஒப்பிட்டார்கள். புற்றுநோய் என்று 2020இல்தான் அறிவித்தார்கள்.

நோய் முற்றியிருந்தது. ஒவ்வோர் அடிக்கும் வலித்திருக்கும். கொர்கோசாரஸ் போன்ற வேட்டை டைனோசர்கள் திரிந்த நிலம் அது. பின்தங்கினால் முதலில் மாட்டுவது நொண்டும் விலங்குதான். ஆனால் இந்த எலும்பு கிடைத்த இடத்தில் ஏராளமான சென்ட்ரோசாரஸ்கள் ஒன்றாகப் புதைந்திருந்தன. பெருவெள்ளத்தில் கூட்டத்தோடு மாண்டிருக்கும் என்றும், அதுவரை அதைக் காத்தது மந்தைதான் என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மற்றவை அதைப் பராமரித்தன என்று கதை கட்ட எனக்கு விருப்பமில்லை. சுற்றிலும் பல கண்களும் பல கொம்புகளும் இருந்ததே பெரிய காவல்.

மந்தை எவ்வளவு பெரியது? அதே ஆல்பர்ட்டாவில் ஹில்டா என்ற ஊருக்கருகே 2.3 சதுர கிலோமீட்டர் பரப்பில் இவற்றின் எலும்புகள் குவிந்து கிடக்கும் படுகைகள் 14 இருக்கின்றன. கடலோரச் சமவெளியில் புயல் வெள்ளம் ஏறியபோது ஒதுங்க மேடில்லாமல் கூட்டமே மூழ்கியிருக்கிறது. இத்தகைய படுகைகளில் இளசும் முதிர்ந்ததும் கலந்தே கிடக்கின்றன. குட்டிகளுக்குத் தலைத் தட்டின் விளிம்பிலுள்ள கொக்கிகள் மொட்டு போலத்தான் இருக்கும். வளர்ந்த பிறகே முழு உருவம் பெறும். சண்டைக்கு மட்டுமல்லாமல், தன் இனத்தை அடையாளம் காணவும் துணையை ஈர்க்கவும் அவை உதவியிருக்கும் என்பதற்கு இது நல்ல சான்று. எல்லாக் கொம்பு டைனோசர்களும் இப்படிச் சேர்ந்து கிடைப்பதில்லை. டிரைசெராடாப்ஸ் பெரும்பாலும் தனித்தனியாகவே அகப்படுகிறது.

‘முறிந்து கூடியது’ என்ற அந்தப் பிழை என்னை உறுத்துகிறது. ‘விளையாட்டில் அடிபட்டது’ என்று மாதக்கணக்கில் எண்ணெய் போட்டு நீவிவிட்டு, அதன் பிறகே பிள்ளையை அழைத்து வருகிறார்கள். இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, சில வாரங்களாகியும் தீராத வலி, பெரிதாகிக்கொண்டே போகும் வீக்கம் இருந்தால் உடனே எக்ஸ்ரே எடுங்கள். நீவ வேண்டாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் கீமோதெரபியும் அறுவை சிகிச்சையும் செய்து பெரும்பாலானோருக்குக் காலைக் காப்பாற்ற முடிகிறது.

ஆட்டத்தில் சேர்க்காமல் விட்டுவிடுவார்களோ என்று பிள்ளைகள் வலியை மறைப்பார்கள். அதனால் கூட வந்தவர்களிடமும் கேட்பேன்: “இவன் எப்போதிலிருந்து காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறான்?” அம்மா யோசித்துக்கொண்டிருக்கும்போதே, கூட விளையாடும் தம்பி பதில் சொல்லிவிடுவான்.