ஃபைப்ரோமயால்ஜியா: தமிழில் என்ன சொல்லலாம்?

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி 'ஃபைப்ரோமயால்ஜியா' என்று சொன்னதும், அம்மா முதலில் கேட்டது, "கட்டியா? ஆபரேஷன் பண்ணணுமா?" என்றுதான். எங்கள் சித்திக்குக் கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு வந்திருந்தது. அதை நார்க்கட்டி என்று சொல்லி எல்லோருக்கும் பழகியிருந்தது. இரண்டு பெயரிலும் 'ஃபைப்ரோ' இருக்கிறதே, அம்மா வேறென்ன நினைப்பாள்? கட்டி இல்லை என்று சொல்லிவிட்டேன். "அப்புறம் என்னதான் அது?" என்றாள். உடம்பெல்லாம் மாதக்கணக்கில் நோகிற நோய் என்று விளக்கலாம், ஆனால் அதற்கு என்னிடம் ஒரு சொல் இல்லை.

பெயரைப் பிரித்தால் மூன்று துண்டு கிடைக்கும். 'ஃபைப்ரா' லத்தீன் சொல். நார், இழை என்று பொருள். 'மயோ' என்பது தசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கடைசியில் உள்ள 'ஆல்ஜியா'வில் இருப்பது 'ஆல்கோஸ்', அதாவது வலி. ஊர் நினைப்பில் ஏங்குவதை நாஸ்டால்ஜியா என்கிறோமே, அதிலும் இதே வலிதான் இருக்கிறது. தசைக்கான கிரேக்கச் சொல்லுக்கு எலி என்றும் பொருள் உண்டு. லத்தீனிலும் தசை என்றால் 'சின்ன எலி'. தோலுக்கடியில் தசை புடைத்து அசைவது எலி ஓடுவதுபோல் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாம் அதே புடைப்பில் கெண்டை மீனைப் பார்த்தோம், கெண்டைக்கால் என்கிறோம்.

ஆக, எழுத்துக்கு எழுத்து மாற்றினால் 'நார்த்தசை வலி'. இதையொட்டித்தான் 'தசைநார் வலி' என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அதற்குக் காரணம் இந்தப் பெயரின் கதையிலேயே இருக்கிறது.

1904இல் லண்டன் நரம்பியல் மருத்துவர் வில்லியம் கவர்ஸ், இடுப்புவலி பற்றிய ஓர் உரையில் 'ஃபைப்ரோசைட்டிஸ்' என்ற சொல்லை உண்டாக்கினார். டான்சிலைட்டிஸ், ஆர்த்ரைட்டிஸ் என்று வருகிற அந்த 'ஐட்டிஸ்' அழற்சியைக் குறிக்கும். தமிழிலும் அழல் என்றால் தீ. அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கும். நாரிழையில் அப்படி ஏதோ கனன்றுகொண்டிருக்கிறது என்பது அவருடைய ஊகம். அப்புறம் வந்தவர்கள் தசையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதித்தார்கள்; வலியை விளக்கும்படியான அழற்சி அங்கே இல்லை. 1976இல் அமெரிக்க மருத்துவர் காலர் ஹெஞ்ச் 'ஐட்டிஸ்' என்ற வாலை வெட்டிவிட்டு 'ஆல்ஜியா'வை ஒட்டினார். அழற்சி இல்லை, வலி மட்டும் இருக்கிறது என்று அர்த்தம். அழற்சியை அடக்கும் கார்ட்டிசோனுக்காக 1950இல் நோபல் பரிசு பெற்ற பிலிப் ஹெஞ்சின் மகன் இவர். அப்பா அழற்சிக்கு மருந்து தந்தார். இந்த நோய்க்கு அழற்சியே காரணமில்லை என்று மகன் பெயரிலேயே எழுதிவைத்தார்.

இந்த வால் மாற்றம் நோயாளிக்குப் பெரிய விஷயம். அழற்சி இல்லை என்பதால்தான் ஐபுப்ரோஃபென் போன்ற வலிமாத்திரைகள் இதில் பெரிதாகக் கேட்பதில்லை. பல மாதம் அவற்றை விழுங்கி வயிற்றைக் கெடுத்துக்கொண்டவள் நான். இதை அப்போதே யாராவது சொல்லியிருக்கலாம்.

வால் மாறியதே தவிர, தலையில் இருந்த 'நார்' அப்படியே நின்றுவிட்டது. இன்றைய அறிவுப்படி கோளாறு நாரிலும் இல்லை, தசையிலும் இல்லை. வலியை வாங்கிக் கணக்குப் பார்க்கிற மூளையும் தண்டுவடமும்தான் அளவு தப்பி வேலை செய்கின்றன. கோயில் திருவிழாவில் மைக் செட்டைக் கூட்டிவைத்துவிட்டால், மைக் முன்னால் ஒருவர் தொண்டையைச் செருமினாலும் தெருவே அதிரும். செருமியவர் மேல் தப்பில்லை. என் உடம்பில் அப்படி அதிர்வது உள்பாவாடை நாடா. மற்றவர்களுக்கு ராத்திரி அவிழ்த்ததும் மறைந்துபோகிற தடம். எனக்கு வலி கிளம்பியிருக்கும் நாளில் அது கயிற்றால் அறுத்ததுபோல இடுப்பைச் சுற்றி விடியும்வரை எரியும். பார்த்தால் தோலில் ஒன்றும் இருக்காது.

பார்த்தால் ஒன்றும் இருக்காது என்பதுதான் இந்த நோயின் பெரிய துன்பம். ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் நார்மல். தைராய்டு குறைவு, வைட்டமின் டி குறைவு, முடக்குவாதம் ஆகியவையும் இப்படி வலி தரும் என்பதால் அவற்றைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். ஆனால் ஃபைப்ரோமயால்ஜியாவைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை இல்லை. 1990இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் அமைப்பு ஒரு முறை வகுத்தது. உடம்பில் 18 இடங்களைப் பெருவிரலால் அழுத்த வேண்டும். சுமார் 4 கிலோ அழுத்தம், அதாவது அழுத்துகிறவரின் நகம் வெளுக்கிற அளவு. 11 இடத்திலாவது நோக வேண்டும். 2010இல் அந்த அழுத்திப் பார்க்கும் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். எத்தனை இடத்தில் வலி, தூக்கம் எப்படி, அசதி எப்படி, ஞாபகம் எப்படி, இதெல்லாம் 3 மாதமாக இருக்கிறதா என்று கேட்டுக் கணக்கிடுகிறார்கள். விரலைவிட நோயாளியின் வாய்ச்சொல்லுக்கு மதிப்புக் கொடுத்த மாற்றம் அது.

சரி, தமிழுக்கு வருவோம். 'தசைநார்' என்றால் நம் காதில் விழுவது மூட்டில் எலும்புகளைப் பிணைக்கிற நார். தசைநார் கிழிந்துவிட்டது என்று விளையாட்டுச் செய்தியில் தினம் படிக்கிறோம். 'தசைநார் வலி' என்று சொன்னதும் என் மாமியார் தைலம் காய்ச்சிக் கொண்டுவந்து முழங்காலைத் தேடினார். மருத்துவம் விட்டுவிட்ட ஊகத்தைப் பெயர் மட்டும் தமிழிலும் சுமப்பானேன்? 'வாதம்' என்றாலும் பொருந்தாது. மூட்டு வீங்கிக் கோணுகிற நோய் என்று பயந்துவிடுவார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப்பட்டியல் இதை நாள்பட்ட, உடலெங்கும் பரவிய வலி என்ற தலைப்பில் வைக்கிறது. அதைப் பார்த்து 'பரவு நோவு' என்று கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்தேன். "ஒட்டிக்குமா?" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. பரவும் என்றாலே தொற்று என்றுதான் காதில் விழுகிறது.

இப்போது நான் சொல்வது 'மெய்நோவு'. மெய் என்றால் உடம்பு, முழு உடம்பு. கை, கால் என்று ஒரு பாகத்தில் நிற்காது. மெய் என்றால் உண்மையும்கூட. "எல்லாம் மனசுலதான்" என்று கேட்டுக் கேட்டுப் புண்பட்டவர்களுக்கு இந்த இரண்டாவது பொருள் எவ்வளவு ஆறுதல் என்று சொல்லத் தேவையில்லை. 'மெய்வலி' என்று ஏன் வைக்கவில்லை என்றால், வலி என்ற சொல்லுக்குப் பழைய பொருள் வலிமை. திருக்குறளில் 'வலியறிதல்' அதிகாரம் பலத்தை எடைபோடுவதைப் பற்றியது. மெய்வலி என்றால் உடல்பலம் என்று ஆகிவிடும். நோவில் அந்தக் குழப்பம் இல்லை. நோ என்ற ஒரே வேரிலிருந்துதான் நோவும் நோயும் வருகின்றன. "நோகுது" என்பது இலங்கையில் இன்றும் அன்றாடப் பேச்சு.

மெய்நோவுக்குக் கூட வரும் சொற்கள் இரண்டை இங்கே சொல்ல வேண்டும். ஒன்று அசதி. இதைக் களைப்பு என்று எழுதுகிறார்கள். களைப்பு வேலை செய்தால் வரும், படுத்தால் போகும். அசதி தூங்கி எழுந்த பிறகும் அப்படியே இருக்கும். எட்டு மணி நேரம் படுத்துவிட்டு அடித்துப்போட்ட மாதிரி எழுகிறோமே, அது. இன்னொன்று மந்தம். "மண்டை மந்தமா இருக்கு" என்கிறோமே, அதுதான். மறதி என்றால் போதாது. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே "அது எங்க, அந்த... கிளறுறது" என்று கேட்டு நின்றிருக்கிறேன்.

போன பொங்கலுக்கு முதல் நாள் உடம்பு கொஞ்சம் லேசாக இருந்தது. விட்டதைப் பிடிக்கிற வேகத்தில் பரணை ஒழித்து, திரைச்சீலை துவைத்து, வாசலில் பெரிய கோலம் போட்டேன். மாட்டுப் பொங்கலிலிருந்து நான்கு நாள் படுக்கை. மெய்நோவோடு வாழ்கிற யாரைக் கேட்டாலும் இப்படி ஒன்று சொல்வார்கள். இப்போது நல்ல நாளிலும் அரிசி களைந்ததும் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிடுகிறேன், வலி வருமுன்பே. மாவை ஒரே வாளியில் தூக்காமல் இரண்டு சின்னப் பாத்திரத்தில் எடுக்கிறேன். படுக்கும் நேரத்தை மாற்றுவதில்லை.

மருந்தில் ப்ரீகாபலின், டுலாக்செட்டின், ராத்திரியில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் ஆகியவை தருகிறார்கள். சிலருக்குக் கேட்கும், சிலருக்குத் தலைசுற்றலோடு சரி. டுலாக்செட்டின் மனச்சோர்வுக்கும் தருகிற மருந்து என்று படித்துவிட்டு யாரும் நொந்துகொள்ள வேண்டாம். வலியைத் தணிக்கும் நரம்புப்பாதையிலும் அது வேலை செய்கிறது. வாதநோய்களுக்கான ஐரோப்பிய மருத்துவக் கூட்டமைப்பு 2016இல் எல்லாச் சிகிச்சைகளையும் எடைபோட்டு, உறுதியாகப் பரிந்துரைத்தது ஒன்றைத்தான்: உடற்பயிற்சி. நோகிற உடம்பை அசை என்பது கொடுமையாகத்தான் இருந்தது. மொட்டைமாடியில் ஐந்து நிமிஷ நடையில் தொடங்கினேன். ஒரு வாரம் கழித்து ஒரு நிமிஷம் கூட்டினேன். இருபது நிமிஷத்துக்கு வர நான்கு மாதம் ஆயிற்று.

மருந்துச் சீட்டிலும் காப்பீட்டுப் படிவத்திலும் ஃபைப்ரோமயால்ஜியா என்றே இருக்கட்டும். அங்கே அந்தச் சொல்தான் செல்லும். டாக்டர் முன்னால் உட்காரும்போது மட்டும், "உடம்பெல்லாம் வலி" என்று நிறுத்திவிட வேண்டாம். கால் குடைகிறதா, தோள் கடுக்கிறதா, முதுகு இழுத்துப் பிடிக்கிறதா, தோல் எரிகிறதா, விரல் மதமதவென்று இருக்கிறதா? யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குக் கைகால் நோவைச் சொல்ல 'உளைவு' என்று இன்னொன்றும் இருக்கிறது. போன தடவை நான் குடைச்சல், எரிச்சல் இரண்டையும் தனித்தனியாகச் சொன்னேன். டாக்டர் பேனாவை எடுத்து, எது எந்த இடத்தில் என்று கேட்டு எழுதிக்கொண்டார்.