முதுகைக் காட்டு, ஊரைச் சொல்கிறேன்

பழைய கம்பளங்களைச் சேர்ப்பவர்கள் நாலு பேர் கூடினால் ஒரு விளையாட்டு தானாகத் தொடங்கிவிடும். ஒருவர் பையிலிருந்து ஒரு விரிப்பை எடுத்து, பூவேலை தெரியாதபடி குப்புறப் போடுவார். "எந்த ஊர்? யார் நெய்தது? எவ்வளவு பழசு?" மற்றவர்கள் சுற்றி மண்டியிட்டு உட்கார்ந்து பூதக்கண்ணாடியை எடுப்பார்கள். ஓரத்தைத் தடவுவார்கள், மூலையை மடிப்பார்கள், நூலைப் பிரித்துப் பார்ப்பார்கள். துணிச்சல்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு தடவியே விடை சொல்வதும் உண்டு. விரிப்பைத் திருப்பி முகத்தைக் காட்டுவது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான்.

ஏனென்றால் கம்பளத்தின் முகம் நன்றாகப் பொய் சொல்லும். மத்திய ஆசியாவில் துர்க்மென் மக்களின் 'தெக்கே' என்ற குலத்தார் நெய்த எண்கோண வரிசை வடிவம் பொகாரா நகரச் சந்தை வழியாக உலகுக்கு வந்தது. அதே வடிவத்தை லாகூரிலும் கராச்சியிலும் நெய்து 'பொகாரா' என்றே இன்றும் விற்கிறார்கள். ஒரு ஊரின் வடிவம் விலைபோனால் பக்கத்து ஊர்த் தறியில் அடுத்த வருடமே ஏறிவிடும். ருமேனியாவைச் சேர்ந்த தியோடர் டுடுக் 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் பழைய துருக்கிக் கம்பளங்களைப் போலவே நெய்து, அருங்காட்சியகங்களையே ஏமாற்றினார். இன்று 'டுடுக்' என்றே தனியாகச் சேகரிக்கிறார்கள். திருட்டுக்கும் ஒரு மவுசு!

வடிவத்தைப் பார்த்துக் காப்பியடிக்கலாம், கைப்பழக்கத்தை அப்படி அடிக்க முடியாது. நடையை மாற்றி நடிக்கிறவன் பத்து அடி தாண்டியதும் தன் சொந்த நடைக்கு வந்துவிடுவான் அல்லவா, அதுபோலத்தான். ஆயிரக்கணக்கான முடிச்சுகளைப் போடும் விரல்கள் அம்மாவிடம் கற்றபடியேதான் போடும்.

முதலில் பார்ப்பது அந்த முடிச்சைத்தான். தறியில் நெடுக்காக ஓடும் பாவு நூல்களில் பக்கத்துப் பக்கத்து இரண்டின்மேல் ஒரு துண்டுக் கம்பளி நூலைச் சுற்றுகிறார்கள். அதன் இரு முனைகளும் அந்த இரண்டு பாவுக்கும் நடுவில் ஒன்றாக வெளியே வந்தால் அது சமச்சீர் முடிச்சு. ஒரு பாவை முழுதாகச் சுற்றி, அடுத்ததன் பின்னால் மட்டும் போய், முனைகள் தனித்தனியே வந்தால் சமச்சீரற்ற முடிச்சு. துருக்கி, காகசஸ், குர்துகள், ஈரானின் அஜர்பைஜான் பகுதி எல்லாம் பெரும்பாலும் முதல் வகை. ஈரானிய நகரங்களான காஷான், இஸ்ஃபஹான், கெர்மான் இரண்டாம் வகை. இங்கே புதியவர்களுக்கு ஒரு பொறி உண்டு: சமச்சீரற்ற முடிச்சுக்கு 'சென்னே முடிச்சு' என்று பெயர், ஆனால் ஈரானின் சென்னே நகரத்துக் கம்பளங்கள் சமச்சீர் முடிச்சில் நெய்தவை.

முதுகிலிருந்து பார்த்தால் பல சமயம் இரண்டு வகையும் இரட்டைப் புடைப்பாகத்தான் தெரியும். அதனால் கம்பளத்தை அகலவாக்கில் மடித்து, நூல்முனைகளை விலக்கி, அடிவரை பார்க்க வேண்டும். சமச்சீர் முடிச்சில் இரண்டு முனைகளின் கழுத்தையும் குறுக்கே ஒரு சிறு பட்டை கட்டியிருக்கும். மற்றதில் அந்தப் பட்டை ஒரு முனையின் கழுத்தில் மட்டும். கண்ணை மூடித் தடவுகிறவர் பார்ப்பது வேறு: சமச்சீரற்ற முடிச்சில் கம்பளி நேராகக் கீழ்நோக்கிப் படியாமல் கொஞ்சம் இடமோ வலமோ சாயும். முடிச்சு எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதை உள்ளங்கையே சொல்லிவிடும்.

அடுத்தது ஊடை. ஒவ்வொரு முடிச்சு வரிசைக்கும் மேலே குறுக்காக ஊடை நூலை ஓட்டி இறுக்குவார்கள். ஈரானின் ஹமதான் சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஒரே ஒரு ஊடைதான். அது ஒன்றுவிட்டு ஒரு பாவை மட்டும் மூடுவதால், மூடாத வெள்ளைப் பாவுகள் முதுகில் புள்ளி புள்ளியாக, வரிசைக்கு வரிசை இடம் மாறித் தெரியும். பழகிய கண்ணுக்கு இது பத்தடி தூரத்திலிருந்தே போதும். பாவும் கம்பளி, ஊடையும் சிவப்புச் சாயமேற்றிய கம்பளி, வரிசைக்கு இரண்டோ அதற்கு மேலோ என்றால் காகசஸின் கஸாக் என்று சொல்ல வாய் துடிக்கும். ஈரானின் பிஜார் நகரத்துக் கம்பளம் வந்தால் விளையாட்டே இல்லை. அங்கே ஓர் ஊடையை விறைப்பாக இழுத்து, இன்னொன்றைத் தளர்வாக ஓட்டுகிறார்கள். விறைத்த ஊடை பாவுகளை முன்னே ஒரு வரிசை, பின்னே ஒரு வரிசை என்று இரண்டு அடுக்காகப் பிரித்துவிடும். அதன்மேல் அடித்து இறுக்கினால் கம்பளம் பலகைபோல் ஆகிவிடும். மடித்தால் உள்ளே நூல் ஒடியும் என்பதால் பிஜாரைச் சுருட்டித்தான் வைப்பார்கள். தூக்கும்போதே ஊர் தெரிந்துவிடுகிறது.

எனக்கு இந்தத் தடயங்களில் மிகவும் பிடித்தது நூலின் முறுக்கு. ஒரு நூலை நிமிர்த்திப் பிடித்தால் புரிகள் இசட் எழுத்தின் நடுக்கோட்டைப் போலவோ எஸ் எழுத்தின் நடுவைப் போலவோ சாய்ந்திருக்கும். துருக்கியிலிருந்து ஈரான் வரை கம்பளியை இசட் பக்கமாக நூற்று, எஸ் பக்கமாக முறுக்கிச் சேர்ப்பதுதான் வழக்கம். எகிப்தை ஆண்ட மம்லூக்குகளின் பெயரால் வழங்கும் 15, 16ஆம் நூற்றாண்டுகளின் மம்லூக் கம்பளங்களில் இது தலைகீழ். எகிப்தியர்கள் பல ஆயிரம் ஆண்டுகளாக நூற்றது ஆளிநார். அந்த நார் ஈரம் காயும்போது இயல்பாகவே எஸ் பக்கமாகத் திருகும், நூற்பவரின் கையும் அதற்கே பழகியது. கம்பளி வந்த பிறகும் கை மாறவில்லை. அந்தக் கம்பளங்கள் கெய்ரோவில் நெய்தவை என்று சொல்வதற்கு இந்தத் திருகலும் ஒரு வலுவான சான்று.

சரி, ஊர் கிடைத்தது. வயது? அதற்குச் சாயம்தான் வழி. நம் மஞ்சிட்டியின் உறவான மேடர் வேரும் அவுரியின் நீலமும் எல்லாக் காலத்திலும் இருந்தவை, அவற்றால் தேதி சொல்ல முடியாது. புதிதாக வந்த சாயங்கள்தான் காட்டிக்கொடுக்கும். நூல்முனைகளை விலக்கிப் பாருங்கள்: நுனி சாம்பலாக வெளிறி, அடியில் வெயில் படாத இடம் கத்தரிப்பூ நிறத்தில் பளீரென்றிருந்தால் அது பெரும்பாலும் ஃபுக்சின். 1850களின் கடைசியில் ஆய்வகத்தில் பிறந்த சாயம். அந்தக் கம்பளத்தை 1800 என்று விற்கிறவரைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம். இன்னொன்று, அவுரி நீலத்தைக் கந்தக அமிலத்தில் கரைத்துச் செய்வது. 1740களில் ஜெர்மனியின் சாக்சனியில் கண்டுபிடித்தார்கள். வேதிச் சோதனையில் இது சிக்கினால், கம்பளம் அதற்கு முந்தியதாக இருக்க வழியில்லை.

கறுப்பும் கரும்பழுப்பும் வேறு விதமாகப் பேசும். இரும்பு உப்பு சேர்த்து ஏற்றிய கறுப்புச் சாயம் கம்பளியை மெல்ல அரித்துவிடும். அதனால் பழைய விரிப்பில் பூக்களின் கறுப்பு விளிம்புகள் பள்ளமாகவும் சிவப்பும் நீலமும் மேடாகவும் இருக்கும். போலி செய்கிறவர்களுக்கும் இது தெரியும், கத்தரிக்கோலால் கறுப்பை மட்டும் வெட்டிப் பள்ளமாக்கிவிடுவார்கள். அரிப்பு சீராக இருக்காது, கத்தரி சீராக வெட்டிவிடும். பூதக்கண்ணாடி இருக்கவே இருக்கிறது.

சில கம்பளங்களில் ஆண்டையே நெய்திருப்பார்கள். ஹிஜ்ரி 1312 என்று இருந்தால் அதை 33ஆல் வகுத்து, வந்ததை அதிலிருந்தே கழித்து, 622ஐக் கூட்டினால் ஏறக்குறைய 1894. ஹிஜ்ரி ஆண்டு நிலவைப் பின்பற்றுவதால், சுமார் 33 சூரிய ஆண்டுகளில் ஓர் ஆண்டு கூடிவிடும், வகுத்தல் அதற்காகத்தான். இதிலும் கைவரிசை உண்டு. அரபு எழுத்து எண்களில் 3க்கும் (٣) 2க்கும் (٢) ஒரு சிறு கொக்கிதான் வித்தியாசம். நாலைந்து முடிச்சைப் பிடுங்கி, சுற்றியுள்ள நிறத்தில் மாற்றிக் கட்டினால் 1312 என்பது 1212 ஆகிவிடும். வயது கிட்டத்தட்ட நூறு கூடும், விலை அதைவிட வேகமாக ஏறும். திருப்பிப் பார்த்தால் அந்த நாலைந்து முடிச்சு மட்டும் புதுச் சட்டை போட்டிருக்கும்.

"இவ்வளவு எதற்கு, கார்பன் சோதனை செய்துவிட்டால் போயிற்றே" என்று தோன்றலாம். செய்கிறார்கள். ஆனால் சூரியனின் போக்கு மாறியதாலும், பிறகு நிலக்கரியை எரித்ததாலும், 1650க்கும் 1950க்கும் இடையே காற்றிலிருந்த கார்பன்-14இன் அளவு ஏறி இறங்கிக் குழம்பிக் கிடக்கிறது. 1680இல் மேய்ந்த ஆட்டின் கம்பளியும் 1880இல் மேய்ந்த ஆட்டின் கம்பளியும் சோதனையில் கிட்டத்தட்ட ஒரே விடையைத் தரலாம். சேகரிப்பாளர்கள் அடித்துக்கொள்வதோ பெரும்பாலும் இந்த மூன்று நூற்றாண்டுகளைப் பற்றித்தான். 1500க்கு முந்தைய கம்பளம் வைத்திருக்கும் பாக்கியசாலிக்கு மட்டும் இயந்திரம் தெளிவாகப் பேசும்.

இதையெல்லாம் விட எனக்கு உறுத்துவது, விடைத்தாளை யார் எழுதினார்கள் என்பது. கம்பளத்தை வாங்கிய இடத்திலேயே இன்னார் நெய்தது என்று குறித்துவைத்தவர்கள் குறைவு. ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த சாமுயில் டூடின் 1900 முதல் 1902 வரை மத்திய ஆசியாவில் சுற்றிச் சேகரித்தவை போன்ற தொகுப்புகள் அரிதானவை. மீதிப் பெயர்களில் பெரும்பாலானவை வியாபாரி வாயிலிருந்து வந்தவை. 'கழுகுக் குழு' என்ற வகையை எடுத்துக்கொள்ளுங்கள். யோமுத் துர்க்மென்கள் பெரும்பாலும் சமச்சீர் முடிச்சு போடுகிறவர்கள். யோமுத் என்று விற்ற சில கம்பளங்களின் முதுகு அப்படி இல்லாததைப் பார்த்து, அவற்றைத் தனியே பிரித்து, கழுகு போன்ற ஒரு வடிவத்தின் பெயரை வைத்தார்கள். நெய்த இனம் எது என்பதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஆனாலும் விளையாட்டில் அப்படி ஒரு விரிப்பு வந்து, ஒருவர் "கழுகுக் குழு" என்று சொல்லிவிட்டால் முழு மதிப்பெண்தான். அப்புறம் அதை நெய்தது யார் என்று கேட்டால் போட்டி நடத்துபவரே பேச்சை மாற்றி அடுத்த விரிப்பை எடுப்பார்.